பீரோ காலும் யானைக் காலும்

பளபளக்கிற தரை பாரம் தாங்குமா? தறியும் தையல் மிஷினும் ஓடும் ஊரிலிருந்து ஒரு விசாரணை

"பாத்துங்க மாமா, நெலவுல இடிக்குது... கொஞ்சம் சாச்சுப் புடிங்க!"

நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி வருகிறார்கள். அத்தையின் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. வயது முப்பதுக்கு மேல். இடம், பொங்கலூரிலிருந்து உள்ளே தள்ளித் தோட்டத்துக்குள் எழுந்திருக்கும் புது வீடு. தை மாதம் பால் காய்ச்சினார்கள். வாசலில் கட்டிய மாவிலை சருகாகிவிட்டது, இன்னும் அவிழ்க்கவில்லை. படுக்கையறையில் நாலுக்கு இரண்டு அடி டைல்ஸ், தந்த நிறம். குனிந்தால் முகம் தெரிகிறது.

பீரோவின் ஒரு கால் முதலில் தரையைத் தொட்டது. மற்ற மூன்றும் இன்னும் அந்தரத்தில். 'டப்' என்றது. பெரிய சத்தம்கூட இல்லை, முறுக்கு ஒடிகிற சத்தம்தான். காலுக்கடியில் கிளம்பிய கோடு கல்லின் மூலை வரைக்கும் ஓடி நின்றது.

யாரும் வாய் திறக்கவில்லை. அத்தைதான் ஆரம்பித்தார். "நா வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து பழைய ஊட்டுச் சிமெண்டுத் தரையில நின்னுது கண்ணு. ஒரு கீறல் உண்டா? இத்தன காசக் கொட்டிக் கண்ணாடியாட்டம் போட்டீங்க, ஒரு பீரோவத் தாங்க மாட்டேங்குது!"

மறுநாள் டைல்ஸ் மேஸ்திரி வந்தார். பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே தவழ்ந்தார். சில கல் 'டிக் டிக்' என்று இறுக்கமாகப் பேசியது. சில கல் காலிப் பானையைத் தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்றது. அந்த அறையில் இருந்தவை பதினெட்டுக் கல். ஏழு 'டொக்'. உடைந்ததும் அந்த ஏழில் ஒன்று.

"உள்ள கலவை புடிக்கலீங்க" என்றார், வேறு யாரோ போட்ட தரையைப் பற்றிச் சொல்வதுபோல.

கோவை–திருச்சி சாலையில், பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் பொங்கலூர். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும்வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. சின்ன வெங்காயம், தென்னை, கோழிப்பண்ணை, விசைத்தறி எல்லாம் கலந்த பூமி. பனியன் கம்பெனி வேன்கள் காலையில் ஆளெடுக்க வரும். இந்த ஊர்ப்பக்கம் வீடு என்றால் குடியிருக்க மட்டும் என்று யாரும் கட்டுவதில்லை. கூடத்தில் நாலு பவர் டேபிள், திண்ணையில் செக்கிங், மாடியில் நூல் மூட்டை. அதற்கு மேல் இரட்டைக் கதவு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தேக்குக் கட்டில், மாவு வியாபாரம் செய்கிற வீடாக இருந்தால் பெரிய கிரைண்டர். தரையைத் தேர்வு செய்யும்போது மட்டும் இவற்றில் ஒன்றுகூட நம் நினைவுக்கு வருவதில்லை. ஷோரூமில் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து வைத்திருக்கிற கல்லின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

எடை பொய் சொல்லும்

இருநூறு கிலோ பீரோ தரையை உடைத்துவிட்டது என்றால், இரண்டு டன்னுக்கு மேல் இருக்கிற நிட்டிங் மிஷினின் கீழ் தரை தூளாகியிருக்க வேண்டாமா? ஆகவில்லையே. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

புடவை, பாத்திரம், பத்திரம் எல்லாம் நிரம்பிய பீரோ 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காலுக்கு 50 கிலோ. பீரோவின் காலைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மடித்த தகடுதான். அதற்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் செருப்பு எப்போதோ உடைந்து தொலைந்திருக்கும். தரையைத் தொடுவது ஒரு மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பு மட்டும். பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. அந்த இடத்தில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோவைத் தாண்டுகிறது. கத்தி வெட்டுவதும் இதே கணக்கில்தான்.

நிட்டிங் மிஷினோ அகலமான அடித்தட்டு வைத்து, மட்டம் பார்த்து நிறுத்தப்படுகிறது. டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் நிற்கிற நாலு டன் கும்கி யானை, சாப்பாட்டுத் தட்டு அகலப் பாதத்தில் சுமையைப் பரப்பிவிடுகிறது. அது நம் படுக்கையறைக்குள் வந்து நின்றாலும் அதன் கால், அத்தையின் பீரோ கால் அளவுக்குக் கல்லைக் குத்தாது.

பெட்டிச் செய்தி: காலுக்கடியில் எவ்வளவு?
(ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் அழுத்தம், தோராயக் கணக்கு)

நாலு டன் யானை, ஒரு பாதம் சுமார் 1,000 ச.செ.மீ. — 1 கிலோ
கார் டயர் — 2 கிலோவுக்குச் சற்று மேல்
2.4 டன் நிட்டிங் மிஷின், மூன்று கால், அடித்தட்டு 15 செ.மீ. சதுரம் — 3.5 கிலோ
100 கிலோ பிரிட்ஜ், 2 செ.மீ. அகல வட்டக் கால் — 8 கிலோ
200 கிலோ பீரோ, செருப்பு கழன்ற தகட்டுக் கால் — 62 கிலோ
அதே பீரோ, காலுக்கு இரண்டங்குலச் சதுர பிளைவுட் துண்டு — 2 கிலோ

கடைசி இரண்டு வரியை இன்னொரு முறை படியுங்கள். தச்சர் குப்பையில் போடுகிற பிளைவுட் துண்டு, அழுத்தத்தை முப்பதில் ஒரு பங்காக்கிவிடுகிறது. முன்பெல்லாம் பீரோவுக்கும் கட்டிலுக்கும் மரக்கட்டை வைத்துத்தான் நிறுத்துவார்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டும்போது துரு ஏறாமலிருக்க என்று காரணம் சொன்னார்கள். தரைக்கும் அதுதான் காவல்.

பழைய தரை ஏன் உடையவில்லை?

அத்தை சொன்னதில் பாதி சரி. பழைய வீட்டில் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய மண், அதன்மேல் ஒன்றரை ஜல்லி, அதன்மேல் சிமெண்டுப் பூச்சு, மேலே காவி கலந்த பால். எல்லாம் ஒரே உடம்பு, நடுவில் காற்றுக்கு இடமில்லை. சாதாரண எம்-20 கான்கிரீட்டே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தைத் தாங்கும். பீரோ கால் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேற்பூச்சில் ஒரு பள்ளம் விழலாம், அவ்வளவுதான். உலக்கை போட வேண்டிய இடத்தில் நம் ஆட்கள் உரலைத் தரையில் பதித்து வைத்தார்கள். அடி விழுகிற இடத்துக்குத் தனியாக ஒரு கல் என்பது எவ்வளவு தெளிந்த பொறியியல்!

மீதிப் பாதியில் அத்தை கணக்குத் தவறு. விட்ரிஃபைடு டைல்ஸ் அந்தச் சிமெண்டைவிடப் பலமடங்கு கடினமானது. அமுக்கினால் அசையாது, வளைத்தால்தான் ஒடியும். அடியில் கலவை முழுக்கப் பிடித்திருந்தால் வளைய வழியே இல்லை. வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் கல் ஒரு பாலமாகிறது. தூணில்லாப் பாலத்தின் நடுவில் பீரோவை இறக்கினோம்.

வெற்றிடம் எப்படி வருகிறது? ஒரு காலத்தில் ஓரடிக்கு ஓரடிக் கல். ஒருவர் ஒரு கையால் பதித்துத் தட்டினால் நாலு மூலையும் உட்கார்ந்துவிடும். பிறகு இரண்டடிக் கல், இப்போது நாலடிக் கல். கல் பெரிதாகப் பெரிதாக அடியில் முழுக்கக் கலவை பரவுவது கடினமாகிறது. நேரத்தை மிச்சம் பிடிக்க நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவையை வைத்து மேலே கல்லை அமுக்குகிறவர்களும் உண்டு. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அப்பழுக்கு இருக்காது. அடியில் ஐந்து தீவும் மிச்சமெல்லாம் காற்றும்.

என் சிபாரிசு இதுதான்: பீரோ, பிரிட்ஜ், மிஷின் நிற்கப்போகும் அறைக்கு நாலடிக் கல் வேண்டாம். இரண்டடிக் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய கல்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், பல்வைத்த கரண்டியால் தரையிலும் கல்லின் முதுகிலும் ஒட்டுப்பசையைச் சீவிப் பதிக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுப்பசைக்கு ஐ.எஸ். 15477 என்று தரக்குறியீடே இருக்கிறது, மூட்டையில் அச்சிட்டிருக்கும். கூலி கூடத்தான் செய்யும். மேஸ்திரி கிளம்புவதற்கு முன் நீங்களே ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு தவழ்ந்துவிடுங்கள். 'டொக்' என்கிற கல்லைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பெயர்த்து மறுபடி பதித்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

கூடத்தில் ஓடும் ஓவர்லாக்

பவர் டேபிள் போட்டிருக்கும் வீடுகளில் பிரச்சினை வேறு மாதிரி. ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் பீரோ அளவுக்குக் கனமில்லை. ஆனால் நிமிடத்துக்கு ஐந்தாயிரம் தையல் என்று ஓடும்போது ஸ்டாண்டு நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்டாண்டின் ரப்பர் கால் தேய்ந்து இரும்பு தொட்டுவிட்டால், அந்த நடுக்கம் கல்லின் மேல்பூச்சை நாள் முழுக்க உரசுகிறது. பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுகிறவரின் ஸ்டூல் கால் இன்னொரு பக்கம். ஆறு மாதத்தில் பாருங்கள், ஸ்டூல் இருந்த இடத்தில் மட்டும் நிலா வடிவத்தில் ஒரு மங்கல் தெரியும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி மணல். வாசலிலிருந்து செருப்பில் ஒட்டி வருகிற மணலில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. மார்பிள் 3லிருந்து 4. கிரானைட் 6லிருந்து 7. மார்பிள் தரையில் மணல் துகளின் மேல் ஸ்டூலை இழுப்பது, சிலேட்டில் ஆணியால் கிறுக்குவது மாதிரி. பிரிட்ஜைச் சுத்தம் செய்ய முன்னே இழுத்தாலும் அதே கதி. சாக்கை நாலாய் மடித்துக் காலுக்கடியில் செருகி இழுங்கள். பழைய வழிதான், இன்னும் அதை வெல்ல ஒன்றும் வரவில்லை.

எண்ணெயும் உண்டு. தறியானாலும் தையல் மிஷினானாலும் சொட்டும். சிமெண்டுத் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் மெருகு குறைந்த கோட்டாக் கல்லும் எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது. விட்ரிஃபைடு குடிக்காது. மேலேயே நிற்கும், வழுக்கும். பஞ்சுத் தூசி கல்லிடுக்கில் போய் எண்ணெயோடு சேர்ந்து கறுத்துப்போகும். இடுக்கை எபாக்ஸி கிரவுட் போட்டு அடைப்பது அதற்காகத்தான்.

வாஷிங் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கம் கதவு வைத்த மெஷினுக்குள், ஆட்டத்தை அடக்குவதற்கென்றே ஒரு கான்கிரீட் கட்டை வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கனத்தோடு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. நாலு காலில் ஒன்று கல்லின் விளிம்பில், 'டொக்' கல்லின்மேல் நின்றால் போதும். துணி காய்வதற்குள் கல் ஆட்டம் கண்டுவிடும்.

மாடியில் நூல் மூட்டை

இந்த இடத்தில் தரைக்கல்லை மறந்துவிட்டு அதற்கடியில் இருக்கும் தளத்தைப் பற்றிப் பேச வேண்டும். கல் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875. கொஞ்சம் இலகுவான இயந்திரங்கள் ஓடும் தொழிற்கூடத்துக்கு அதே விதி சொல்வது 500 கிலோ. கனரக இயந்திரம் என்றால் 1,000. கிடங்குக்குக் குறைந்தது 750.

இப்போது மாடி அறையைப் பாருங்கள். 60 கிலோ நூல் மூட்டை, மூன்றுக்கு இரண்டடி இடத்தில் ஐந்து அடுக்கு. மொத்தம் 300 கிலோ. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 540 கிலோவுக்குப் பக்கம். படுக்க என்று கட்டிய தளத்தின்மேல் இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்றியிருக்கிறோம். ஒரு மூலையில் நாலு மூட்டை வைப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. அறை முழுக்க அடுக்குவது, தீபாவளிச் சமயம் ஆர்டர் குவியும்போது ஜன்னல் மட்டம் வரை ஏற்றுவது வேறு. கீழ்த்தளக் கூரையில் விரிசல், மாடிக் கதவு இறுக்கிப் பிடிப்பது, தரைக்கல் வரிசையாக ஒரே கோட்டில் வெடிப்பது இவையெல்லாம் தளம் தரும் முன்னறிவிப்பு. அப்போது கூப்பிட வேண்டியது டைல்ஸ் மேஸ்திரியை அல்ல, கட்டட இன்ஜினியரை.

இருக்கிற மொசைக்கின் மேலேயே டைல்ஸ், அதன்மேல் கிரானைட் என்று மாடியில் அடுக்கிக்கொண்டே போவதும் இதே ரகம். கிரானைட் கன மீட்டருக்கு 2.6, 2.7 டன். முக்கால் அங்குலக் கல்லும் கலவையும் சேர்ந்தால் யாரும் குடியேறுவதற்கு முன்பே தளம் கணிசமாகச் சுமக்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் எந்தக் கல்?

தறிக்கூடம், நிட்டிங் ஷெட் என்றால் யோசிக்க வேண்டாம், கான்கிரீட். டிரிமிக்ஸ் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை: போட்ட கான்கிரீட்டிலிருந்து மிகைத் தண்ணீரை வேக்குவம் வைத்து உறிஞ்சி, மேலே ஹார்டனர் தூவி, மிஷின் வைத்துத் தேய்ப்பது. மறக்காமல் கட்டம் கட்டமாக வெட்டுக்கோடு போட வேண்டும். இல்லையென்றால் அது தனக்குப் பிடித்த இடத்தில் தானே கோடு போட்டுக்கொள்ளும். தறி நிற்கிற இடத்தில் கால்களுக்குத் தனி அடித்தளக் கட்டை போட்டு, அதைச் சுற்றுத் தரையிலிருந்து பிரித்துவிட்டால் நாடா அடிக்கிற அதிர்ச்சி அறை முழுக்கப் பரவாது.

வீட்டுக்குள் கனமான பொருள் இருக்கும் அறைக்கு என் முதல் ஓட்டு கிரானைட்டுக்கு, கீழ்த்தளமாக இருந்தால். கிருஷ்ணகிரி, கரூர், மதுரை என்று நம் மாநிலத்திலேயே வெட்டுகிறார்கள். தடிமன் அதிகம் என்பதால் சிறு வெற்றிடத்தை மன்னித்துவிடும். மெருகு போனால் மறுபடி தேய்த்து ஏற்றலாம். பழைய மொசைக்குக்கும் இந்தக் குணம் உண்டு. அரசுப் பள்ளிகளில் ஆயிரம் பெஞ்சு இழுபட்ட மொசைக் தரைகளை ஒருமுறை பாலிஷ் போட்டுப் பார்த்தவர்களுக்கு, அவற்றைப் பெயர்த்தெடுக்க மனம் வராது. உங்கள் வீட்டில் மொசைக் இருந்தால் உடைக்காதீர்கள்.

டைல்ஸ்தான் என்றால் டபுள் சார்ஜ், இல்லை ஃபுல் பாடி. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறவற்றில் எல்லா ரகமும் இருக்கின்றன. ஜி.வி.டி. என்கிற ரகத்தில் படம் மேலே மெல்லிய பூச்சாகத்தான் இருக்கும். கீறினால் அடியிலிருக்கும் வேறு நிறம் தெரியும். டபுள் சார்ஜில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை போகிறது. பூப்போட்ட அழகு கிடைக்காது, கீறலும் தெரியாது. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் செட்டிநாட்டு நண்பர்கள் கோபிப்பார்கள். கூடத்துக்கு அதற்கு நிகரில்லை. எண்ணெய் சொட்டுகிற அறைக்கு வேண்டாம்.

கடப்பாக் கல் சமையலறை மேடையில் நன்றாகத்தான் உழைக்கிறது. ஆனால் மேடையோ தரையோ, புளித்தண்ணீரும் எலுமிச்சையும் சிந்திய இடம் வெளுத்துவிடும். அது சுண்ணாம்புக் கல் இனம். மரத்தைப் போலவே தெரிகிற லேமினேட் தரை ஒட்டப்படாமல் மிதந்துகொண்டிருப்பது. கோடை, மழைக்கு ஏற்ப நீண்டு சுருங்க வேண்டும். ஒரு ஓரத்தில் வார்ட்ரோபை ஏற்றி ஆணியடித்ததுபோல் அமுக்கிவிட்டால் நடுவில் உப்பும். வினைல் விரிப்பில் பிரிட்ஜ் கால் குழி விழும். அதைவிட வேடிக்கை, கருப்பு ரப்பர் கால் பட்ட இடம் மஞ்சளாகிவிடும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. ரப்பரும் வினைலும் செய்துகொள்கிற ரசாயனக் கூட்டு அது.

பெட்டிச் செய்தி: அட்டைப்பெட்டி பேசும்

விட்ரிஃபைடு ரகம் உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 13006.

7.5 மி.மீ.க்குக் குறையாத தடிமனுள்ள விட்ரிஃபைடு கல், இரு முனையில் தாங்கி நடுவில் அமுக்கும் சோதனையில் 1,300 நியூட்டன், அதாவது சுமார் 130 கிலோ வரை தாங்க வேண்டும். சுவருக்கென்று வருகிற, தண்ணீர் அதிகம் உறிஞ்சும் ரகத்துக்கு அதே தடிமனில் 600 நியூட்டன் போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று சுவர்க் கல்லைத் தரையில் போட்டால் என்னாகும் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

மேல்பூச்சுள்ள கல்லின் தேய்மானத்துக்கு பி.இ.ஐ. என்று 0 முதல் 5 வரை மதிப்பெண். ஆள் நடமாட்டமும் ஸ்டூல் இழுப்பும் உள்ள அறைக்கு 4க்குக் குறையாமல் கேளுங்கள்.

தானாக வெடிக்கும் தரை

பாரமே இல்லாத தரையும் ஒருநாள் இரவில் படாரென்று கூடாரம் போலத் தூக்கிக்கொள்வதுண்டு. பேய், பிசாசு என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். 2018 தொடக்கத்தில் சிங்கப்பூரில் சில நாள் குளிர் அடித்தபோது வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் இதே கதை. தரைக்கல் பெயர்ந்த புகார்கள் குவிந்தன. கல்லும் அடியிலிருக்கும் கான்கிரீட்டும் வெப்பத்துக்கு ஒரே அளவில் நீண்டு சுருங்குவதில்லை. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டிருந்தால் அந்த இழுபறி அங்கே தீர்ந்துவிடும். "ஜாயின்டே தெரியக் கூடாதுங்க" என்று நாம் கேட்பதால் மேஸ்திரி ஒட்டி ஒட்டி வைக்கிறார். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்க விடுங்கள். சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங்குக்கு அடியிலும் கொஞ்சம் இடம் வேண்டும்.

அடிமண்ணில் விட்ட கோட்டையும் மேலேதான் வந்து சேரும். பேஸ்மட்டத்தில் கிராவலை லாரியோடு கொட்டி, தண்ணீர் விட்டதாகப் பேர் பண்ணி, மறுவாரமே கான்கிரீட் போட்ட வீடுகளில், இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரிட்ஜ் நிற்கிற மூலை இறங்குகிறது. அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கினால்தான் மண் மண்ணாக நிற்கும். அதன்மேல் போடுகிற கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கிற பி.பி.சி. சிமெண்டாக இருந்தால் பத்து நாள் தண்ணீர் காட்ட வேண்டும். பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு வேலையைத் துரத்துகிறபோது முதலில் வெட்டு விழுவது இந்தப் பத்து நாளில்தான்.

உடைந்த பிறகு

அத்தை வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஒரே ஒரு கல்தானே, மாற்றிவிடலாம் என்று வாங்கிய கடைக்குப் போனோம். "அந்த டிசைன் நின்னுபோச்சுங்க" என்றார்கள். வேறு இரண்டு ஊரில் விசாரித்தோம். ஓரிடத்தில் அதே பெயரில் கிடைத்தது. கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் ஒன்று தந்தம், மற்றொன்று மோர். சூளைக்குச் சூளை ஷேடு மாறும் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் உடைந்த கல்லை அப்படியே விட்டு, அதன்மேலேயே பீரோவை நிறுத்திவிட்டார்கள், நாலு காலுக்கும் பிளைவுட் வைத்து. மீதி ஆறு 'டொக்' கல்லைப் பெயர்த்தால் இன்னும் எத்தனை உடையுமோ என்று யாரும் தொடவில்லை. அந்த அறைக்குள் கட்டிலை நகர்த்தும்போதெல்லாம் அத்தை வாசற்படியில் வந்து நின்றுகொள்கிறார்.

புதிதாகத் தரை போடுகிறவர்கள் தேவைக்கு மேல் இரண்டு பெட்டிக் கல் வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் ஷேடு எண்ணையும் வெட்டியெடுத்து வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.